அழகிக்கு வால் இல்லை

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் பழைய நூலாலை ஒன்று இருக்கிறது. இப்போது அங்கே நூல் இல்லை, படம் வரைகிற பிள்ளைகள்தான். அதில் ஒருத்தி தர்மிகா. பகலில் பல் வைத்தியருக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் மையும் தூரிகையும். அவளும், எரித்திரிய வீட்டுப் பிள்ளை செலாமும், இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு ஸீன் போட்டார்கள். ஸீன் என்றால் வேறொன்றுமில்லை, தாங்களே வரைந்து, தாங்களே நகலெடுத்து, மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். எல்லோரும் இந்த நாட்டிலேயே வளர்ந்தவர்கள். ஆனாலும், "உண்மையில் நீ எந்த ஊர்?" என்று கேட்கிறவர்களுக்கு இன்னும் அலுக்கவில்லை. அதனால் ஆளுக்கொரு பக்கம், தன்னைத் தானே விரும்பி வரைவது என்று முடிவு.

தர்மிகா தன் முகத்தை வரைந்தாள். ஒரு கன்னம் நல்ல கறுப்பு, மற்றது பவுடர் அப்பிய சாம்பல். பவுடர் பஞ்சோடு ஒரு கை ஓரத்திலிருந்து நீண்டிருந்தது, காப்புப் போட்ட கை. யாருடைய கை என்று சொல்லவும் வேண்டுமோ? தாய் யோகாம்பாள் வீட்டில் மகளைக் "கறுப்பி" என்றுதான் கூப்பிடுவாள், அதில் தேன் சொட்டும். கலியாணம் பேச ஆட்கள் வந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும்: "பிள்ளை கொஞ்சம் நிறம் குறைவு." கோயிலுக்கு வெளிக்கிட்டால் பவுடர் டின்னோடு வாசலில் நிற்பாள்.

அந்தப் பக்கம் அம்மாவின் கண்ணில் படக்கூடாது. தர்மிகாவுக்கு அது ஒன்றுதான் பயம்.

வெளியீட்டு நாள் பின்னேரம், பின் அடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். படத்தின் கீழே தன் கையால் எழுதிய இரண்டு சொல்லில் ஒன்று ஒரு மாதிரித் தெரிந்தது. 'கறுப்பி அழுகி.' கைபேசியில் தட்டிப் பார்த்தாள். அது 'அழகி'யையும் காட்டியது, 'அழுகி'யையும் காட்டியது. எது சரி? அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். வேறு வழியில்லாமல் தாய்க்குப் போன் அடித்தாள்.

"அம்மா, வடிவான ஆளுக்குச் சொல்லுற அழகி இருக்கெல்லோ, அதுக்கு நடுவில ழவோ, ழுவோ?"

"ழ தான். ழு எண்டால் அழுகின தக்காளி. ஏனடி கேக்கிறாய்?"

"சும்மா."

"சும்மா நீ ஒருநாளும் தமிழ் எழுதினதில்லை. எங்கை எழுதினனி?"

"ஒரு படத்துக்குக் கீழ…"

"எத்தினை புத்தகத்தில?"

"எல்லாத்திலயும்."

"இரு, வாறன். வேலை முடிஞ்சுது, உங்கட ஆலை அடுத்த பஸ் தரிப்புத்தானே."

"வேண்டாம் அம்மா, நான் பாத்துக்கொள்ளுறன்!"

அழைப்பு அறுந்திருந்தது. புத்தகங்களை ஒளித்தால்? பக்கத்தைக் கிழித்தால்? கிழித்தால் பின்பக்கத்துச் செலாமின் படமும் போய்விடும். அதற்குள் யோகாம்பாள் முதியோர் இல்லச் சமையலறையின் வெங்காய வாசத்தோடு உள்ளே வந்து, செலாம் நீட்டிய வெள்ளை மைப் பேனாவை வாங்கிக்கொண்டு குந்திவிட்டாள்.

"கொண்டா. ழுவின்ர வாலை அழிச்சால் ழ தானே."

முதல் புத்தகத்தை விரித்தாள். பார்த்தாள்.

"இது ஆற்ற கை?"

"…உங்கட."

யோகாம்பாள் தன் காப்பைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "காப்பு இப்பிடியில்லை. கோணலாக் கீறியிருக்கிறாய்."

அவ்வளவுதான். குனிந்து வாலை அழித்தாள், அடுத்ததை எடுத்தாள். ஒவ்வொன்றிலும் அதே முகம், அதே கை. ஏசினால் கூடப் பரவாயில்லை என்றிருந்தது மகளுக்கு.

வெளியே ஆட்கள் சேரத் தொடங்கிய சத்தம். செலாம் எட்டிப் பார்த்து, திருத்துகிற அந்தத் தமிழ்ச் சொல்லுக்கு டொச்சில், அதாவது ஜெர்மனில், என்ன என்று கேட்டாள். தர்மிகா வாயைத் திறக்குமுன் தாய் சொன்னாள்: "ஷோன்." வடிவு என்று அர்த்தம்.

"முதல் சொல்?"

யோகாம்பாள் தயங்கினாள். "அது இவளின்ர பேர்," என்றாள் தமிழில், மகளைப் பார்க்காமல்.

அப்போது பேனாவிலிருந்து ஒரு சொட்டு வெள்ளை, படத்தின் கறுத்த கன்னத்தில் விழுந்தது. யோகாம்பாள் பதறிப்போய், அது காயமுன் நகத்தால் சுரண்டி எடுத்தாள், கறுப்பு முழுவதும் திரும்பி வரும்வரை.