மாய உலகத்தில் ஒரு தர்ணா

செங்கல்பட்டு நிருபர் என்றால் ஏரி நிரம்பினால் எழுத வேண்டும், வற்றினால் எழுத வேண்டும், கலெக்டர் ஆபீசில் யாராவது மனுவோடு உருண்டால் ஓடிப் போய் எழுத வேண்டும். இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். முன்கோபக்காரி என்று ஆபீசில் எனக்கு ஒரு பேர் உண்டு. ஏரிப் படத்தை அரைப் பக்கத்துக்குப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு தபால்தலை அளவுக்குப் போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

சில வருடங்களுக்கு முன்னால், இன்டர்நெட்டுக்குள்ளே ஒரு மாய உலகம் வந்துவிட்டது, இனிமேல் மனிதர்கள் அங்கேதான் வாழப்போகிறார்கள் என்று எல்லாப் பத்திரிகைகளும் சேர்ந்தாற்போல் எழுத ஆரம்பித்தன. அங்கே மனை வாங்கலாம், கல்யாணம் பண்ணலாம், ஆபீஸ் வைக்கலாம் என்றார்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் வயலைக் கூறுபோட்டு விற்கிறவர்களே வாயைப் பிளந்தார்கள். சென்னையிலிருந்து எங்கள் செய்தி ஆசிரியர் போன் செய்து, "நம்ம மாவட்டத்துல யாராவது அதுக்குள்ள போயிருக்காங்களா பாருங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்றார்.

அப்படித்தான் பாயைப் பிடித்தேன். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரன் கோட்டைக்குப் போகிற வழியில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர். கல்பாக்கம் ஷிப்ட் ஆட்கள் பாதிப் பேருக்கு அவர் கடைதான் மதியச் சாப்பாடு. சென்னைக் கம்பெனி ஒன்றின் ஆட்கள் இரண்டு பேர் அவரிடம் வந்து, மாய உலகத்தில் உங்கள் கடைக்கு ஒரு கிளை கட்டித் தருகிறோம், ஒரு மாதம் இலவசம் என்று சொல்லிக் கட்டியும் கொடுத்திருந்தார்கள். நான் அவர்களுக்குப் போன் போட்டேன். வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள் மேடம் என்றார்கள். "மாய உலகில் மணக்கும் சதுரங்கப்பட்டினம் பிரியாணி, வாடிக்கையாளர்கள் நீண்ட வரிசை" என்று எழுதி அனுப்பினேன். உள்ளே போய்ப் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். மணி ஐந்தாகிவிட்டது, போகவில்லை.

அந்தச் செய்தி வந்த மறுநாள் பாய் அந்த மனையைச் சொந்தமாகவே வாங்கிவிட்டார். பக்கத்து மனையையும் சேர்த்து.

பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. இந்த வருடம் செய்தி ஆசிரியர் மறுபடி போன் செய்தார். "அந்த மாய உலகம் படுத்துடுச்சாம்மா. ஆளே இல்லையாம். எல்லாரும் பேய் நகரம்னு போட்டுத் தள்றாங்க. நம்ம பாய் கடை என்ன ஆச்சுன்னு ஒரு ஃபாலோ-அப் குடுங்க." இந்தத் தடவையாவது கண்ணால் பார்த்து எழுதுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்து முதன்முறையாக உள்ளே போனேன்.

போனதும் எனக்கு ஒரு உடம்பு கொடுத்தார்கள். மொட்டைத் தலை, சாம்பல் நிறச் சட்டை. புடவை எங்கே என்று தேடினேன், அதற்குத் தனியாகக் கட்டணமாம். அகலமான ரோடு, அலையே இல்லாத ஒரு கடல், பூட்டிய கட்டடங்கள். நாலு தெரு சுற்றியபின் ஒரு மஞ்சள் கரடி என்னைப் பார்த்து ஓடி வந்தது.

"நீங்க இங்கதான் வசிக்கிறீங்களா? ரெண்டு நிமிஷம் பேசலாமா?" என்றது.

"இல்ல சார், நான் நிருபர். நீங்க இங்க வசிக்கிறவரா?"

"நானும் நிருபர்தாங்க, டிவி" என்றது கரடி. குரலிலேயே ஏமாற்றம் தெரிந்தது.

தூரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் போய்க் கேட்டோம். அவள் பெங்களூர் இணைய இதழுக்கு எழுதுகிறவள், எங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தாளாம். மேலே பறந்துகொண்டிருந்த ஒருவர் தன்னை ஆராய்ச்சியாளர் என்றார். ஆளில்லாத ஊர் என்று எழுத வந்தவர்களால்தான் அந்த ஊரில் அன்றைக்கு நாலு பேர் இருந்தோம்.

பாய் கடையையும் பார்த்தேன். பச்சை போர்டு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு லெக் பீஸ் அந்தரத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் நிறுத்தவில்லை போலிருக்கிறது, திறந்த நாளிலிருந்து சுற்றுகிறது.

மறுநாள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் போனேன். பாய் கல்லாவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து என்னைக் கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"இன்னா தங்கச்சி, இப்பவா எழுதுவ? அடுத்த வாரம் வணிகர் சங்க எலக்‌ஷன் கீது. தலைவருக்கு நிக்கிறேன். எதுத்து நிக்கிற பாத்திரக் கடைக்காரன் ஏற்கெனவே ஆகாசத்துல கடை வச்சவன், ஆகாசத்துல கடை வச்சவன்னு பஜார் பூரா சொல்லிகினு திரியறான். காலின்னு நீ எழுதினா ஜெராக்ஸ் எடுத்து செவுத்துக்கு செவுரு ஒட்டிடுவான். எங்க அத்தா காலத்துலேர்ந்து இந்த பஜார்ல கீறோம். முட்டாப்பய மவன்னு பேர் வாங்கினு எப்படிம்மா இங்க உக்காருவேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நான் விறைப்பாக, "ஆளில்லாத இடத்துல ஆள் இருக்குன்னு எப்படி பாய் எழுதறது?" என்றேன்.

"ஆளு இருந்தா எழுதுவியா?"

"இருந்தா எழுதித்தானே ஆகணும்?"

"அப்ப வியாழக்கெழம பகல் பன்னெண்டுக்கு வா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மாமல்லபுரத்துக்கு எந்தத் தலைவர் வந்தாலும் வேனில் ஆள் ஏற்றுவார்கள், ஆளுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம். அந்தப் பொட்டலம் பெரும்பாலும் பாய் கடையுடையது. கட்சி வித்தியாசம் பார்க்க மாட்டார். ஒரு கூட்டத்தை எத்தனை மணிக்குக் கூட்டணும், எப்போது சோறு கண்ணில் காட்டணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முன்னாடியே கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும், கடைசியில்தான் கொடுக்க வேண்டும் என்பார்.

வியாழக்கிழமை போனபோது கடை மாடியிலுள்ள ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஊர் ஜனம் உட்கார்ந்திருந்தது. மீன் மார்க்கெட் பெண்கள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், பாயின் சம்பந்தி வீட்டார், எல்லோர் கையிலும் போன். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் பாயின் மகள் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொருவரையும் மாய உலகத்துக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆள் போதவில்லை என்று பிரியாணி மாஸ்டரையும் அடுப்படியிலிருந்து மேலே கூப்பிட்டு விட்டார்கள். சும்மா நிற்பானேன் என்று நானும் போனைத் திறந்து உள்ளே போனேன்.

பாயின் பச்சை போர்டுக்கு முன்னால் ஒரே மாதிரி மொட்டைத் தலை, ஒரே மாதிரி சாம்பல் சட்டையில் ஒரு பெருங்கூட்டம். ஆண் பெண் வித்தியாசம் தெரியவில்லை. "இன்னாக்கா, என்னை மொட்டை அடிச்சு வுட்டுட்டானுங்க" என்று என் பக்கத்து நாற்காலியில் மாஸ்டர் புலம்பினார். ஒருவருக்கும் நடக்கத் தெரியவில்லை. கடலுக்குள் நடந்து போன நாலைந்து பேரை மகள் போய் மீட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் எல்லாரையும் உட்காரும் பட்டனை அழுத்தச் சொன்னாள். பந்தியில் உட்காருவதுபோல் வரிசையாக உட்கார்ந்தோம். நான் இரண்டாவது வரிசை.

மணி பன்னிரண்டரை ஆயிற்று. ஒன்றும் ஆயிற்று. கீழே பிரியாணி தம்மில் இருந்தது. ஆனால் எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம், தம் போட்டவர்தான் மூடியைத் திறக்க வேண்டும். முதலாளியே ஆனாலும் கை வைக்க மாட்டார். மாஸ்டரோ மாய உலகத்தில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு எழுந்திருக்கும் பட்டன் அகப்படவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு வாங்களேன் என்று சொன்னேன். "என்னை அங்க மொட்டையா வுட்டுட்டு எப்படிக்கா வர்றது, எவனாச்சும் எதுனா பண்ணிட்டா?" என்றார். அவரிடம் வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

பசி ஏறியது. எனக்கொரு பொட்டலம் என்று யாரோ போனில் கை தூக்கும் பட்டனை அழுத்தினார்கள். அதைப் பார்த்து எல்லாரும் அழுத்தினார்கள். சாம்பல் சட்டைக் கூட்டம் முழுவதும் தரையில் உட்கார்ந்து வலது கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் இருந்தது. முன்னால் பாய் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு உட்காரத் தெரியவில்லை.

அப்போதுதான் மஞ்சள் கரடி வந்தது.

கரடி வந்த வேகத்தில் நின்றது, பின்னால் போனது, மறுபடி வந்தது. நாலு நாளாக ஆள் தேடி அலைந்த நிருபருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா! நேராக முன்வரிசையிலிருந்த மாஸ்டரிடம் போய், "உங்கள் கோரிக்கை என்ன?" என்றது.

மாஸ்டருக்கு மைக் பட்டன் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. "இன்னா கோரிக்கை? ஒரு மணி நேரமா குந்திகினு கீறோம். வரச் சொன்னாங்க, வந்தோம். தர்றேன்னாங்க, இன்னும் ஒண்ணும் தரல. வெளிய போறதுக்கும் வழி தெரியல. ஒரே பேஜாரா கீது."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

"இதற்கெல்லாம் யார் பொறுப்பு?" கரடி இன்னும் கிட்டே வந்தது.

"தோ நிக்கிறாரே, பாய். அவர்தான் எல்லாத்துக்கும்."

கரடி பாயிடம் ஓடியது. பாய்க்கு மைக் போடத் தெரியாது. கையைத் தூக்கியபடி கரடியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். கடைசியில் மகள்தான் மாஸ்டரின் போனைப் பிடுங்கிக்கொண்டு அவரைக் கீழே விரட்டினாள்.

சாயங்காலம் டிவியில் ஓடியது: "மாய உலகில் வெடித்தது போராட்டம். மனை வாங்கி ஏமாந்தவர்கள் உள்ளிருப்புத் தர்ணா. மவுனம் காத்த தலைவர்." கரடி எடுத்த படத்தில் நாங்கள் எல்லோரும் உண்மையிலேயே பயங்கரமாக இருந்தோம். மறுநாள் எங்களுடையது தவிர எல்லாப் பத்திரிகையிலும் அதேதான். கோரிக்கைகளைக் கவனத்தில் எடுத்துக்கொண்டிருப்பதாக அந்தக் கம்பெனிகூட ஒரு அறிக்கை விட்டது. எந்தக் கோரிக்கை, பிரியாணியா?

செய்தி ஆசிரியர் போனில் குதித்தார். "உங்க ஏரியா ஆளு தலைமையில தர்ணா நடந்திருக்கு, நீங்க எங்கம்மா போனீங்க?"

"உள்ளதான் சார் இருந்தேன். ரெண்டாவது வரிசையில."



எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கரடி மேல் கொஞ்சம், என் மேல் நிறைய. பாய் போன் செய்து, "தங்கச்சி, பஜாரே வந்து கை குடுக்குது. பெரிய கம்பெனிய எதுத்து குந்தினேனாம். பாத்திரக் கடைக்காரன் பேச்சையே காணோம். நீ மட்டும் ஒண்ணும் எழுதிடாதம்மா" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து உள்ளது உள்ளபடி எழுதினேன். தர்ணா இல்லை, பொட்டலத்துக்காகக் காத்திருந்தார்கள் என்று எழுதினேன். முதல் செய்தியை நான் உள்ளே போகாமலே எழுதினேன், வரிசை எதையும் பார்க்கவில்லை என்றும் எழுதினேன். பாயை முட்டாளாக்குவதென்றால் முட்டாள் வரிசையில் அவருக்கு முன்னால் நான் நிற்க வேண்டும் என்று தோன்றியது. அனுப்பிவிட்டு அழுதேன், பாய் தோற்றுவிடுவார் என்று.

செய்தி ஆசிரியர் படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாராம். ஆனால் போடவில்லை. "எல்லாரும் தர்ணான்னு போட்டாச்சு. நாம மட்டும் பிரியாணின்னு போட்டா நாமதான் தப்பா எழுதினோம்னு நெனைப்பாங்கம்மா" என்றார். மறுநாள் எங்கள் பத்திரிகையிலும் தர்ணாதான் வந்தது, நம் நிருபர் என்று என் தலையில் கட்டி.

பாய் ஜெயித்துவிட்டார். மாலையும் கழுத்துமாகச் செங்கல்பட்டுக்கே வந்து, எங்கள் ஆபீஸ் வாசலில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். "நீ வாயத் தொறக்கல பாரு, அதுக்குத்தான்" என்றார். பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

"நான் எழுதினேன் பாய். எல்லாத்தையும் எழுதினேன். அவங்கதான் போடல" என்றேன். முதல் தடவை வரிசை நிற்கிறது என்று எழுதியது நான் பார்த்து எழுதியதில்லை என்பதையும் சொன்னேன்.

பாய் என்னையே பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. ஆபீஸ் படியில் உட்கார்ந்து மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பேப்பர்ல வந்துச்சேன்னுதாம்மா அந்த மனைய வாங்கினேன்" என்றார் மெதுவாக. "நீ பாக்காம எழுதினது வந்துச்சு. பாத்து எழுதினது வரல. நாளைக்கு காலைல பேப்பர் வரும். நான் எதை நம்பறது, சொல்லு."

சால்வையைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.