படகில் பெண் பார்த்த கதை

ஆடி மாதத்தில் பெண் பார்க்கக் கூடாது என்பாள் அம்மா. ஆனால் மாப்பிள்ளைப் பையன் ஏரியில் படகு விடக் கூப்பிட்டால் அது பெண் பார்ப்பதில் சேராதாம், சும்மா ஒரு மீட்டிங்தானாம். வசதிக்கு ஏற்றபடி சாஸ்திரத்தை வளைக்க எங்கள் வீட்டை விட்டால் ஆளில்லை.

அப்பா மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பத் துடித்துக்கொண்டிருந்தார். முப்பது தாண்டிய பெண்ணை, நாங்கள் குடியிருந்த ஹப்சிகுடாவில் தனியாக விட்டுவிட்டா போவது? ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். நான் சரி என்றால் ஆவணியில் நிச்சயம். "எட்டி, தங்கமான பையன்ட்டி. எதையாவது பேசிக் கெடுத்துராத" என்று அம்மா லிஃப்ட் வரைக்கும் வந்து சொன்னாள்.

தங்கம், ஹுசேன் சாகர் ஏரிக் கரையில் கறுப்புக் கண்ணாடியும் விரலில்லாத கையுறையுமாக நின்றுகொண்டிருந்தது. சென்னையிலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர். ஏதோ சில ஞாயிற்றுக்கிழமைகள் பாய்மரப் படகு கற்றுக்கொண்டிருக்கிறார். அடேயப்பா, என்ன அலட்டல்! கடலையே கடந்து வந்தவர் மாதிரி பேசினார். ஏரி நாறியது. நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவரோ நெஞ்சு விரிய மூச்சை இழுத்து, "ஃப்ரெஷ் ஏர்ல?" என்றார்.

காற்று கரையிலேயே ஆளைத் தள்ளியது. அங்கே மோட்டார் படகு ஓட்டுகிறவர், "ஹவா பஹுத் தேஜ் ஹை சாப், ஆஜ் நக்கோ" என்று, இன்றைக்கு வேண்டாமென்று கையை ஆட்டித் தடுத்தார்.

"காத்தே இல்லாம செய்லிங் எதுக்குங்க?" என்று என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மாப்பிள்ளை படகைத் தள்ளினார்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் படகு. பாயின் அடிப்பக்கத்தில் குறுக்கே ஒரு நீளமான குழாய். அதை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நடு ஏரிக்குப் போகும்வரை என் சம்பளம், சமையல், "கல்யாணத்துக்கு அப்புறம் வேலை" என்று கேள்விகள். படகு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியதும் கேள்விகள் நின்றன. முகத்தில் ஈயாடவில்லை. சுக்கானை இப்படியும் அப்படியும் இழுத்தார். திடீரென்று, ஒரு வார்த்தை பேசாமல், தன் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டார்.

என்ன ஆயிற்று இந்த மனுஷனுக்கு என்று நிமிர்ந்து பார்த்தேன். அந்தக் குழாய் சரேலென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வீசி வந்து என் நெற்றியில் அடித்தது. பொறி கலங்கிவிட்டது.

"ஒண்ணும் ஆகலையே?" என்றார். கண் பாயின் மேல் இருந்தது.

அடிபட்டதைவிட அதுதான் எனக்கு எரிந்தது. அது வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தன் தலையை மட்டும் காப்பாற்றிக்கொண்டார். எனக்கு ஒரு குரல் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? த்தூ, இதற்குப் பெயர் ஆண்பிள்ளை!

பிறகு பாயின் கயிற்றை விட்டுவிட்டுக் கையை வீசி உதவி கேட்டார். மோட்டார் படகுக்காரர் வந்து கட்டி இழுத்துப் போனார். அவரிடம் இவர், "மேடம் டர் கயே" என்றார். மேடம் பயந்துவிட்டாளாம்!

கரையேறியதும் முதல் வேலையாக அவர் அம்மாவுக்கு ஃபோன், அதுவும் ஸ்பீக்கரில். என் நெற்றி எலுமிச்சம்பழமாக வீங்கியிருந்தது.

"எல்லாம் சூப்பராப் போச்சும்மா. காத்துதான் கொஞ்சம் ஜாஸ்தி. அவங்களுக்குக் குனியத் தெரியல, தலைல லேசாப் பட்டுடுச்சு."

"அதனாலென்னடா, நம்ம வீட்டுக்கு வந்தாப் பழகிக்குவா" என்று சிரித்தது ஃபோன்.

நான் ஃபோன் பக்கம் நகர்ந்தேன்.

"இல்ல ஆன்ட்டி, பழகாது. குனியத் தெரிஞ்ச பொண்ணா வேற பாருங்க."