ஊசி பிடித்த ஆம்பளை

எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகள் ஊசியைத் தொட்டதே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கோணி ஊசியும் சணலும் எடுத்து நெல் மூட்டைக்கு வாய் தைக்காத குடியானவன் ஜேடர்பாளையத்தைச் சுற்றிப் பத்து ஊரில் ஒருத்தன் கிடையாது. வண்டிப் படுதா கிழிந்தால் நாங்கள்தான் தைப்போம். சந்தையில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற தையல்காரரும் மீசை வைத்த ஆள்தான். இவர்கள் யாரையும் பார்த்து ஊர் சிரித்ததில்லை. சீக்காகக் கிடந்த என் மனைவியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நாலு துண்டுத்துணியைச் சேர்த்துத் தைத்தேன். அதற்குத்தான் ஊர் சிரித்தது. இத்தனை வருஷம் கழித்தும் அது எனக்கு ஆறவில்லை.

யுத்தம் வருவதற்கு ஆறேழு வருஷத்துக்கு முந்தி நடந்த சங்கதி. எனக்கு இருபத்தேழு வயது. வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் வெற்றிலைக் கொடிக்காலும் அதை ஒட்டி நெல் வயலும் இருந்தன. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆத்தா எங்களோடு இருந்தார். அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் குடியிருந்தார். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவர் சொல்தான் எங்கள் வீட்டில் நடக்கும்.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு குழந்தைகள் பிறந்து, ஒன்று பத்தாம் நாளும் ஒன்று மூன்றாம் மாதமும் தவறிவிட்டன. மூன்றாவது அந்தப் பங்குனியில் உயிரில்லாமலே பிறந்தது. அதற்குப் பிறகு இருபது நாள் அவளுக்குக் காய்ச்சல். காய்ச்சல் விட்டும் கால் தரையில் நிற்கவில்லை. வண்டியில் வைக்கோல் பரப்பி, அவளைப் படுக்கவைத்து நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார். மூன்று மாதம் எழுந்திருக்கக் கூடாது, இன்னொரு பிள்ளை என்று போனால் உயிர் தங்காது என்றார். உள்ளே படுத்திருக்கிறவளுடைய உயிர். அதை அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார். எனக்கு அப்போதே சுருக்கென்றது. திரும்பி வரும் வழியில் வண்டியை ஒரு வேலமரத்தடியில் நிறுத்தி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். வீட்டுக்கு வந்து கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். கஞ்சியைக் கொடுத்தால் குடிப்பாள், கேட்டால் தலையாட்டுவாள். அவ்வளவுதான்.

ஒரு நாள் மத்தியானம் அவள் நெற்றியில் ஈரத்துணி போடலாமென்று பெட்டியைத் திறந்து தேடினேன். அடியில் ஒரு துணி மூட்டை இருந்தது. அவிழ்த்தால், பழைய சேலைகளிலும் ரவிக்கைகளிலும் கத்தரித்தெடுத்த துண்டுகள். அவற்றோடு, பாதி தைத்த ஒரு சின்னத் துப்பட்டி. தொட்டிலில் விரிக்கத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது. அவள் கண்ணில் படாமல் மூட்டையைக் கட்டி அட்டாலிப் பரணில் போட்டுவிடலாமென்று எழுந்தேன்.

“அத எடுத்துப் போட்றாதீங்க” என்றாள்.

நாற்பது நாளில் அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை அது. மூட்டையைக் கட்டிலில் வைத்தேன். ஊசியைத் தேடி எடுத்தாள். கை நடுங்கியது, நூலைக் காதில் கோக்க முடியவில்லை. நான் கோத்துக் கொடுத்தேன். குத்தினாள், ஊசி நழுவியது. மறுபடி குத்தினாள், விரலில் ரத்தம் வந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாங்கி நானே தைத்தேன். எனக்குத் தெரிந்த தையல் ஒன்றுதானே, அதைப் போட்டேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“கோணி தெக்கறாப்பலயே தெக்கறீங்க. அது துணிங்க, நெல்லு மூட்டையில்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கொல்லையில் இருந்த ஆத்தா என்னவோ ஏதோவென்று ஓடிவந்து பார்த்தார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் தைப்பேன். அவள் துண்டுகளை நெஞ்சின் மேல் பரப்பி வைத்துக்கொண்டு, எதற்குப் பக்கத்தில் எது என்று எடுத்துக் கொடுப்பாள். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வைத்தால் விடமாட்டாள், பிரித்துத் தைக்கவேண்டும். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுக்கும்போது அதைப் பற்றி ஏதாவது சொல்வாள். இது அவள் அக்காள் கல்யாணத்துக்கு எடுத்த ரவிக்கை. இது ஆத்தாவின் சுங்கடிச் சேலை. ஒரு நாள் வெள்ளையில் நீலப்புள்ளி போட்ட ஒரு துண்டை எடுத்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள். மூன்று மாதம் இருந்தானே, அவனுடைய சட்டை. அவனைப் பற்றி நாங்கள் இருவரும் அதுவரை ஒருவரோடொருவர் பேசியதே இல்லை. அன்றைக்குப் பேசினோம். அவனுக்கு இடது காது மடங்கியிருந்தது எனக்கு மறந்துபோயிருந்தது, அவள் சொன்னாள். அந்தத் துண்டை நடுவில் வைத்துத் தைத்தேன்.

அவளுக்காகத் தைத்தேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். மூன்று பிள்ளைகளை மண்ணில் வைத்துவிட்டு வந்தவன் நான். ஆண்பிள்ளை அழக் கூடாது என்று அப்போதெல்லாம் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள். நெஞ்சில் கல் கிடந்தது. ஊசியைத் துணியில் குத்தி எடுத்து, குத்தி எடுத்து, ஒரு வரிசை முடிக்கும்போது எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. சில நாள் தைக்கும்போதே கண்ணில் தண்ணீர் வடியும். அவள் பார்த்தும் பார்க்காததுபோல அடுத்த துண்டை நீட்டுவாள்.

தொட்டில் அளவுக்குத் தைத்து முடித்த அன்றைக்கு, இனி என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள், பெரிதாக்கிவிடலாம், இரண்டு பேர் போர்த்துகிற மாதிரி. அதற்கு வீட்டில் இருந்த துணி போதாது. வெற்றிலைச் சுமையோடு எங்கள் பக்கத்து வேலூர்ச் சந்தைக்குப் போனபோது, தையல்காரரிடம் வெட்டுத்துணி கேட்டேன். எதற்கென்றார். உள்ளதைச் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது? அவர் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. நல்ல கெட்டித் துண்டுகளாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டிக் கொடுத்தார். ஆனால் பக்கத்தில் நின்றவர்களுக்குக் காது இருந்தது.

அடுத்த சந்தையில் எனக்கு முன்னாலேயே பேச்சு வந்து சேர்ந்திருந்தது. எனக்குப் பாவாடை தைக்கத் தெரியுமா என்று ஒருத்தன் கேட்டான். மருதாணி வைத்துக்கொண்டேனா என்று என் கையைத் திருப்பிப் பார்த்தான் இன்னொருத்தன். இவர்கள் மனைவிமார்கள் காய்ச்சலில் கிடந்தபோது இவர்கள் சாவடியில் தாயம் உருட்டியது எனக்குத் தெரியும். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா வந்தார். ஆசாரத்தில், அதாவது எங்கள் வீட்டின் முன்கூடத்தில், உட்கார்ந்தார். உள்ளறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு மண்சுவர்தான். ஆத்தாவிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார். வம்சம் விளங்க வேண்டும், காடு தோட்டம் அடுத்தவன் கைக்குப் போகக் கூடாது, வேறொரு பெண்ணைப் பார்த்தாயிற்று என்றார். மெதுவாகப் பேசுங்கள், அவள் காதில் விழும் என்றேன்.

“உழுந்தா உழுகட்டும். அவள யாரு போகச் சொன்னா? ஒரு மூலைல இருந்துட்டுப் போகட்டும். கஞ்சி ஊத்த மாட்டோமுன்னா சொல்றோம்?”

ஒரு மூலையாம், கஞ்சியாம். கிழட்டு மாட்டைப் பற்றிக்கூட எங்கள் ஊரில் அப்படிப் பேசமாட்டார்கள். எனக்கு இன்னொரு கல்யாணம் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன். நான் ஒரு மடையன்.

வைகாசிக் கடைசியில் ஒரு நாள் கொடிக்காலில் அகத்தி மரத்தில் ஏணி சாய்த்துக் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கட்டு நாரெல்லாம் தீர்ந்து, இன்னும் எடுத்துப்போக வீட்டுக்கு வந்தேன். வாசலில் வெளியூர் வண்டி நின்றது. ஆசாரத்தில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, நான் முன்பின் பார்த்திராத ஒரு பெரியவர். வெண்ணந்தூர்ப் பக்கம் சொந்த ஊராம். பெண்ணைப் பெற்றவர். முன்னால் வெற்றிலைத் தட்டு, பழம். என்னைக் கேட்காமல் என் வீட்டில் எனக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதுகூடப் பெரிதில்லை. சித்தப்பா மடியில் எங்கள் துப்பட்டி கிடந்தது. உள்ளே போய், அவள் கால்மாட்டிலிருந்து எடுத்துவந்து, அந்தப் பெரியவருக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பையனுக்குப் புத்தி கொஞ்சம் கலங்கியிருக்கிறது, இப்படிக் கந்தலைத் தைத்துக்கொண்டு கிடக்கிறான், புதுசாக ஒருத்தி வந்தால் எல்லாம் சரியாகப் போகும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் சரியாக அந்த நீலப்புள்ளித் துண்டின் மேல் இருந்தது.

அந்தப் பெரியவரைப் பார்த்து, யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் திகைத்துவிட்டார்.

“மாப்பளைக்குச் சம்மதம்னுதானுங்க சொன்னாங்க. ஊட்டுக்காரம்மா இன்னைக்கோ நாளைக்கோனு கெடக்கறாங்கன்னும் சொன்னாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வந்தது. சத்தமான குரல் அல்ல. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

“நான் உசுரோடதானுங்க இருக்கறேன். என்னக் கேக்கோணுமுன்னா கேளுங்க, சொல்றேன்.”

அவ்வளவு நாளாக எத்தனையோ பேர் வந்து போனார்கள். பிள்ளை வேண்டும் என்றார்கள், வேறு பெண் கட்ட வேண்டும் என்றார்கள், காடு போய்விடும் என்றார்கள். அவளை ஒருத்தராவது ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த வெண்ணந்தூர்ப் பெரியவர் எழுந்து நின்றார். உள்ளறைப் பக்கம் திரும்பி, தெரியாமல் வந்துவிட்டோம், மன்னிக்க வேண்டும் என்றார். தட்டை எடுத்துக்கொண்டு போய் வண்டி ஏறினார். நல்ல மனிதர். அவரையும் ஏமாற்றித்தான் அத்தனை தூரம் கூட்டிவந்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு முகம் கறுத்தது. அசலூர்க்காரர் முன்னால் என் தலையைக் கவிழ்த்துவிட்டாய், பொட்டப்பயலே என்றார். துப்பட்டியைச் சுருட்டி வாசல் புழுதியில் எறிந்தார். நான் அவர் மேல் பாய்ந்திருப்பேன். அப்பாவின் முகம் அவருக்கு. அதுதான் கையைத் தடுத்தது.

“கோணி தெச்சா குடியானவன், துணி தெச்சாப் பொட்டையா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க” என்றேன்.

அவர் போன பிறகு ஆத்தா இறங்கிப் போய்த் துப்பட்டியை எடுத்து உதறினார். என் பக்கமா, அவர் பக்கமா என்று சொல்லவில்லை. மடித்து உள்ளே கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தார்.

அதற்குப் பிறகு பங்காளிகள் எங்களை ஒதுக்கினார்கள். கோயில் நோம்பிக்கு, திருவிழாவுக்கு, சொல்லி அனுப்பவில்லை. அறுப்புக்கு ஆள் கேட்டால் வேலை இருக்கிறது என்றார்கள். ஒரு பெண்டாட்டி போதும் என்று சொன்ன குற்றத்துக்கு இத்தனையும். ஊரில் இரண்டு தாரம் கட்டி, மூத்தவளை மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்திருந்தவனுக்கு முதல் மரியாதை. எனக்கு வாசல் அடைப்பு. இது எந்த ஊர் நியாயம் என்று நானும் யார் யாரையோ கேட்டுவிட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைவரை நடந்தாள். புரட்டாசியில் அடுப்படிக்கு வந்தாள். துப்பட்டியின் கடைசி இரண்டு வரிசையை அவளே தைத்தாள். நான் தைத்ததில் பாதியைப் பிரித்தும் தைத்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆத்தா சாகிறவரைக்கும், குலவிளக்கை அணைத்தவன் என்று என்னைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மார்கழிக் குளிருக்கு மட்டும் அந்தத் துப்பட்டியைக் கேட்டு வாங்கிப் போர்த்திக்கொள்வார்.

வயதான பிறகு சிலர் பேச்சை மாற்றினார்கள். பெண்டாட்டிக்காகப் பெரிய தியாகம் செய்தவர் என்று என்னைக் காட்டி அடுத்த தலைமுறைக்குச் சொன்னார்கள். இதைக் கேட்கும்போது பழைய கேலியைவிட அதிகமாகக் கோபம் வருகிறது. நான் எதைத் தியாகம் செய்தேன்? அவளோடு இருந்தேன். அவள் சாவின் விளிம்புவரை போய்வந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஊசி பிடித்ததுதான் பெரிய கதையாகிவிட்டது.

யுத்தக் காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடு வந்தது. கடையில் வரிசையில் நின்றாலும் முழத்துக்குமேல் கிடைக்காது. அந்த வருஷம் சித்தப்பா வாதத்தில் படுத்திருந்தார். அவர் மருமகள் பழைய துணி மூட்டையோடு கொல்லைவழியாக வந்து, மாமனாருக்குப் போர்த்த ஒன்றும் இல்லை, தைத்துத் தர முடியுமா என்று என் மனைவியிடம் கேட்டிருக்கிறாள். இவள் வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எங்களுக்குள் பெரிய சண்டை என்றால் அந்த ஒன்றுதான். வாயில்லாத மாடு மாதிரி இருக்கிறாயே என்று திட்டினேன்.

“கேட்டது அந்த மருமவப் புள்ளைங்க. அதுவும் என்னையத்தான் கேட்டுச்சு, உங்களையில்ல” என்றாள்.

பத்து நாளில் தைத்து முடித்தாள். நான் ஒரு துண்டைக்கூடத் தொடவில்லை. அவளால் வாய்க்கால் பாலம் தாண்டி அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால், கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. போனேன். வாசலோடு நின்றேன். உள்ளே கட்டிலிலிருந்து யாரது என்று சித்தப்பா குரல் கேட்டது. வாசலுக்கு வந்த மருமகள் கையில் துப்பட்டியைக் கொடுத்துவிட்டு, கொடிக்காலுக்குத் தண்ணீர் திறக்க நேரமாகிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டேன்.