தாவூத் பாயின் கழுத்துப் பட்டன்

“ஊதுய்யா!”

எங்கள் ராயபுரம் தெருமுனையில், பட்டப்பகலில், ஒரு போலீஸ்காரர் தாவூத் பாயைப் பார்த்து இப்படிச் சொன்னார். பொங்கல் கழிந்த சமயம். மதுவிலக்கு வந்த பிறகு இதெல்லாம் சகஜம்தான்... சந்தேகம் வந்தால் வாயை ஊதிக் காட்டச் சொல்வார்கள். ஆனால் தாவூத் பாயையா?

பாய் என் பக்கத்து வீட்டுக்காரர். துறைமுகத்தில் வின்ச் டிரைவர். கப்பலின் அடிவயிற்றிலிருந்து சரக்கைக் கம்பியில் கட்டி மேலே தூக்குவார்களே, அந்த நீராவி இயந்திரத்தை ஓட்டுகிறவர். ஐந்து வேளை தொழுகிறவர். பீடிகூடப் பிடிக்காதவர்.

பாய் ஊதினார். போலீஸ்காரர் முகர்ந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை. அவர் விடுவதாயில்லை.

“இன்னாய்யா, லவங்கம் மென்னுகினு வந்துட்டியா? கை எப்டி நடுங்குது பாரு! கண்ணு வேற முழிச்சிகினு கீது!”

கூட்டம் கூடிவிட்டது. நான் போய் இரண்டு வார்த்தை சொல்லி அழைத்து வந்தேன். வீட்டு வாசலில் நின்று பாய், “நீங்களும் அப்டித்தான் நெனைக்கிறீங்களா சார்?” என்றார்.

இல்லை என்றேன். ஆனால் போலீஸ்காரர் பார்த்ததும் பொய்யில்லையே! கை நடுங்கியது. கண்கள் பிதுங்கி நின்றன. கடல்காற்றில் நாங்கள் போர்த்திக்கொண்டிருந்தோம். அவருக்குச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அதிர்ந்து பேசாத மனிதர், சோற்றில் ஒரு கல் கிடந்ததற்குத் தட்டையே தூக்கி எறிந்தாராம். இரண்டு ஆள் சாப்பாட்டை ஒருவராகச் சாப்பிட்டார்... சாப்பிடச் சாப்பிட இளைத்தார்!

சில நாளில் வேலைக்கும் ஆபத்து வந்தது. பெட்டி ஒன்றை இறக்கும்போது பாயின் கை உதறிவிட்டது. அந்தரத்தில் பெட்டி ஊசலாட, கீழே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை. ஆனால் மேஸ்திரி மாணிக்கம் பாயை வின்ச்சிலிருந்து இறக்கிவிட்டார்.

“தெளிஞ்சப்புறம் வா தாவூத்து” என்றாராம். அத்தனை பேர் எதிரில்.

குடிக்காத மனிதன் எப்படித் தெளிவது?

செய்தி பழவேற்காடு வரை போய்விட்டது. பாயின் மனைவி ஜுலேகாவுக்கு ஊர் அதுதான். அவள் அண்ணன் வந்து நின்றார். குடிகாரன் வீட்டில் தங்கை இருக்க வேண்டாம், பிள்ளைகளோடு கிளம்பு என்றார். சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அதற்கு மேல் கேட்டது ஜுலேகாவின் சத்தம்.

“அவரு குடிக்கல. பக்கத்துல படுக்கறவ நானு, எனக்குத் தெரியாதா? அவருக்கு இன்னா கீதுன்னு பாக்காம நான் எங்கியும் வர மாட்டேன்!”

அண்ணன் போய்விட்டார். ஜுலேகா நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். கையில் பாயின் சட்டை.

“அண்ணே, ஒடம்பு எளச்சி சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சி. ஆனா கழுத்துப் பட்டன் மட்டும் பூட்ட மாட்டேங்குது. இது இன்னா ஞாயம்?”

மறுநாளே மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு இளம் டாக்டரம்மா. பாயை இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னார். விரல்களின் மேல் ஒரு காகிதத்தை வைத்தார். அது காற்றாடி மாதிரிப் படபடத்தது. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். பாய் விழுங்கியபோது கழுத்தின் அடிப்பாகத்தில் ஒரு வீக்கம் மேலே ஏறி இறங்கியதை நானும் பார்த்தேன்.

“இது எவ்வளவு நாளா இருக்கு?” என்றார் டாக்டரம்மா.

பாய் அழுதுவிட்டார். அப்புறம் வெளியே வந்துதான் என்னிடம் சொன்னார். “இத்தினி நாள்ல, ‘குடிப்பியா’ன்னு கேக்காத மொத ஆளு அந்தம்மாதான் சார்.”

குற்றவாளி ஒரு சுரப்பி. தைராய்டு என்று பெயர். தொண்டையின் முன்னால் பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமாம். அது சுரக்கும் ஹார்மோன் நேராக ரத்தத்தில் கலந்து, உடம்பின் வேகத்தை நிர்ணயிக்கிறதாம். குறைந்தால் மனிதன் மந்தமாகிவிடுவான், வெயிலிலும் குளிரும். அதிகமானால்? இதயம் ஓடும், கை உதறும், தின்றதெல்லாம் எரிந்து போகும்.

“நீராவி ஜாஸ்தியாப் போச்சின்னு சொல்லுங்க” என்றார் பாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

இது ஒன்றுதானா? மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒன்று — மற்ற சுரப்பிகள் பலவற்றுக்கு அதுதான் அதிகாரி. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒன்று — நாய் துரத்தினால் நமக்குக் காலில் இறக்கை முளைக்கிறதே, அதன் உபயம். வயிற்றுக்குள் ஒன்று சர்க்கரையைக் கவனிக்கிறது. நாம் என்னமோ ‘நான் கோபப்பட்டேன், நான் பயந்தேன்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்!

ஒருவன் துள்ளினால் திமிர் என்கிறோம். தூங்கி வழிந்தால் சோம்பேறி. நடுங்கினால் குடிகாரன். அவன் கழுத்தை யார் பார்த்தார்கள்?

(என் கோபத்துக்கும் சுரப்பிதான் காரணம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். செல்லுபடியாகவில்லை.)

முதலில் மாத்திரை. வாரக்கணக்கில். மெதுவாக நடுக்கம் குறைந்தது, உடம்பில் சதை பிடித்தது. பிறகு ஆப்பரேஷன் என்றார்கள். பாய் பயந்துவிட்டார். “கழுத்துல கத்தி வைக்கிறேன்றாங்க சார்...”

ஜுலேகாதான் தைரியம் சொன்னாள். சொன்னாள் என்ன, அதட்டினாள். “அந்தம்மா கையி நடுங்கல. நீ பேசாம படு!”

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுரப்பியில் வேண்டிய மட்டும் விட்டுவிட்டு, மீதியை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது, கட்டிலருகே மாணிக்கம் மேஸ்திரி நின்றிருந்தார். கையில் சாத்துக்குடி. எதையோ சொல்ல வந்து, சொல்ல முடியாமல், பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

பாதிப் பழத்தில்தான் வார்த்தை வந்தது. “அத்தினி பேர் எதிர்ல சொல்லிட்டேன், தாவூத்து. அதே ஆளுங்க எதிர்ல தப்புன்னும் சொல்லிட்டேன். வின்ச் காலியாத்தான் கீது. சீக்கிரம் வா.”

பாய் சுளையை வாங்கிக்கொண்டார். கழுத்துக் கட்டோடு தலையாட்ட முடியவில்லை. கண்ணாலேயே ஆட்டினார்.

சென்ற திங்கட்கிழமை மறுபடியும் வேலைக்குப் போனார். எனக்கு ஆபீசில் இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலம் அவர் வரும் வழியிலேயே போய் நின்றுகொண்டேன்.

“இன்னிக்கு எப்படி, பாய்? என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல சார்!” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. “காலைலேர்ந்து தூக்கினேன், எறக்கினேன். ஒண்ணுமே ஆவல!”

இதைவிட நல்ல சேதி உண்டா? சுரப்பிகள் ஒழுங்காக வேலை செய்வதற்கு அடையாளமே அதுதான்... ஒன்றும் ஆகாது.

உங்களுக்கும் இன்று ஒன்றும் ஆகவில்லையே? வாழ்த்துகள்!