நேர்ந்த பிள்ளையின் வெள்ளைச் சட்டை

நீலம் கரைத்த தண்ணீரில் வெள்ளைத் துணியை முக்கிப் பிழியும்போது வருகிற மணமும், சிரட்டைக்கரி போட்ட ஸ்திரிக்கைப்பெட்டியின் சூட்டு வாசனையும் மூக்கில் பட்டால் எனக்கு உடனே அண்ணன்மேல் கோபம் வரும். பாவம், அவன்மேல் இப்போது ஒரு பிழையும் இல்லை. ஆனால் கற்பிட்டிக்கும் தலவிலவுக்கும் இடையில் கடலோரமாக இருந்த எங்கள் வீட்டில், என் சின்ன வயதுச் சனிக்கிழமைகள் எல்லாம் அவனுடைய ஒரே ஒரு வெள்ளைச் சட்டையைத் தோய்ப்பதிலேயே போயின. மற்றப் பிள்ளைகள் கிணற்றடியில் தண்ணீர் தெளித்து விளையாட, நான் மட்டும் குந்தியிருந்து கழுத்துப்பட்டியைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். "அது கோயில் சட்டை, கவனமாத் தேய்" என்று அம்மா குசினிக்குள் இருந்தே சொல்லுவார்.

அண்ணன் "நேர்ந்த பிள்ளை". அவனுக்கு முன் பிறந்த குழந்தை தங்கவில்லை. இவனும் மூச்சில்லாமல்தான் பிறந்தானாம். அந்த நேரத்தில் மன்னார்க்காரியான என் அம்மா, தலவிலக் கோயில் புனித அன்னம்மாளை அழைத்து, இந்தப் பிள்ளை பிழைத்தால் இவனை ஆண்டவருக்கே சுவாமியாராகக் கொடுத்துவிடுவேன் என்று நேர்ந்துகொண்டார். பிள்ளை அழுதது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் இரண்டாயிற்று. மீன் குழம்பில் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு; குழப்படி செய்தால் அடி எனக்கு மட்டும்; ஊர் அவனைக் "குட்டிச் சாமி" என்றது, என்னை ஒன்றும் சொல்லவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம், அவன் வள்ளத்தில் கால் வைக்கக்கூடாது என்பது. கடலை நம்பிச் சோறு தின்ற வீட்டில் மூத்த ஆண்பிள்ளை கடலுக்குப் போகாமலே வளர்ந்தான். நேர்த்தி தவறினால், தான் கெஞ்சி வாங்கிய உயிரைக் கடல் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று அம்மா உறுதியாக நம்பினார். அப்பா அதிகம் கதையாத மனிதர். வள்ளத்தைத் தள்ளும்போது, கரையில் தோய்த்த உடுப்போடு நிற்கிற மகனை ஒருமுறை பார்ப்பார், பிறகு கடலைப் பார்ப்பார்.

ஆனால் அண்ணனுடைய மனம் எங்கே இருந்தது என்பது சட்டைக்குத் தெரியும், அதைத் தோய்க்கிற எனக்கும் தெரியும். ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் நேரே பக்கத்து வீட்டு ஹனிபா நானாவின் கொட்டிலுக்குப் போய், வள்ளத்து இன்ஜினைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருப்பான். எங்கள் அப்பாவின் இன்ஜினும் பழுதானால் அங்கேதான் போகும். சட்டைக் கையில் கிறீஸ் கறை இல்லாமல் அவன் வீடு வந்த ஞாயிறு எனக்கு நினைவில்லை. "அம்மாட்டச் சொல்லிப்போடாதை" என்று கெஞ்சுவான். சொல்லாமல் இருக்க நான் நடுத்துண்டைக் கேட்டேன். அந்தக் காலத்தில் நான் நல்ல பருமன்.

ஒருநாள் கறையைத் தேய்த்துக்கொண்டே கேட்டேன், உனக்குச் சாமியாராகப் போக விருப்பமா என்று. "விருப்பமில்லை எண்டில்லை," என்றான். "கூப்பிட்ட மாதிரி இல்லை. ஆனா நான் போகாட்டி அம்மா உயிரோட இருக்க மாட்டா."

பத்தாம் ஆண்டுப் படிப்பு முடிந்ததும் மாலை போட்டு, வெடி கொளுத்தி, அவனைக் குருமடத்துக்கு அனுப்பிவைத்தோம். அம்மா அன்றைக்கு நடந்த நடையில் மணலே அதிர்ந்தது. வருஷம் முடியுமுன் எங்கள் பங்குச் சுவாமியாரே அவனைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார். கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீரைக் கையில் வாங்கிவிட்டு, "தங்கமான பிள்ளை, அம்மா," என்றார். "ஆனா ஜெபநேரத்தில ஆளைத் தேடினா ஜெனரேட்டருக்குப் பக்கத்திலதான் இருக்கிறானாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை. "நான் வாக்குக் குடுத்தனான், சுவாமி," என்றார்.

"குடுத்தது நீங்க. கூப்பிடுறது அவரல்லோ. நீங்க உயிரைக் கேட்டீங்க, அவர் தந்தார். அதுக்கு விலை சொன்னதும் நீங்கதான். அவர் ஒரு விலையும் கேக்கேல்லை."

அம்மா தலையை ஆட்டினார்; ஆனால் மனம் ஆடவில்லை. அடுத்த வருஷம் வேறு குருமடம் பார்ப்பதென்றும், அதுவரை பிள்ளை கடற்கரைப் பக்கம் போகக்கூடாதென்றும் அன்றிரவே திட்டம் போட்டார். வேலிக்கு அப்பால் நின்ற ஹனிபா நானாவின் மனைவி கதீஜா ராத்தா, "அல்லாட நாட்டம் வேற மாதிரி இருந்தா நம்மளால என்ன செய்ய ஏலும், தங்கச்சி?" என்று ஆறுதல் சொன்னார். "எங்கட சுவாமியாரும் அதைத்தான் சொல்லிப்போட்டுப் போறார்," என்றார் அம்மா, இரண்டு பேரும் சேர்ந்து தனக்கெதிராகச் சதி செய்த மாதிரி. பிறகு என்னிடம் சட்டையை எறிந்து, தோய்த்து வை என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைக் கிழித்திருப்பேன்.

தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று தொடங்கிய நாட்கள் அவை. ஒரு காலை அப்பாவின் போன் வந்தது. இன்ஜின் நின்றுவிட்டது, காற்று வள்ளத்தைக் கடலுக்கடியில் கல் நிற்கிற "பார்" பக்கமாகத் தள்ளுகிறது என்றார். குரல் பாதியில் அறுந்தது. ஹனிபா நானா தன் வள்ளத்தை இறக்கிக்கொண்டே, "இந்தக் காத்துல கட்டி இழுக்கேலாது. இன்ஜின எழுப்பித்தான் கொண்டு வரணும். நான் சுக்கானப் பிடிக்கணும். தம்பி, நீ வந்தாத்தான் வேல நடக்கும்," என்றார்.

அண்ணன் அசையவில்லை. அம்மாவைப் பார்த்தபடி நின்றான். கரை முழுக்க அம்மாவைத்தான் பார்த்தது. புருஷன் அங்கே பாரில் மோதப் போகிறார். மகனை அனுப்பினால், இத்தனை வருஷம் எந்தக் கடலுக்குப் பயந்தாரோ அதே கடலின் கையில் தானே கொடுக்க வேண்டும். அம்மா முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கினார். அவனுடைய நெற்றியில் சிலுவை வரைந்தார். "ஆண்டவரே, இவன் உம்மட பிள்ளை, கடலும் உம்மட கடல். நான் இனி ஒண்டும் சொல்ல மாட்டன்," என்றார். பிறகு அவனிடம், "போ, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

அவன் ஏறிவிட்டான். காலைப் பூசைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையோடுதான்.

நாங்கள் மணலில் முழந்தாளிட்டுச் செபமாலை சொன்னோம். கதீஜா ராத்தா பக்கத்தில் தன் துஆவை ஓதிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. முதலில் கேட்டது சத்தம்தான்: ஒரு இன்ஜின், அதற்குப் பின்னால் இன்னொரு இன்ஜின். அப்பாவின் இன்ஜினுக்கு ஓர் இருமல் உண்டு. அந்த இருமல் கேட்டதும் அம்மா எழுந்து, வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடினார். அப்பாவின் வள்ளத்தில் அண்ணன்தான் சுக்கான் பிடித்து வந்தான். சட்டை முழுக்கக் கறுப்பு, முகம் முழுக்கப் பல். அவன் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததேயில்லை. அப்பா இறங்கி, எல்லார் முன்னாலும் மகனின் தோளில் கை போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார்.

கதை அத்தோடு முடிந்தது என்றுதான் அம்மா நினைத்தார். தண்ணீருக்குள் நின்று அவர் அப்படிக் கையை விரித்துக் கொடுத்ததைப் பார்த்தபோது எனக்குள்ளும் ஏதோ திறந்துகொண்டது; அது என்னவென்று விளங்க எனக்குச் சில வருஷம் பிடித்தது. நான் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த கையோடு, முந்தலில் கடை வைத்திருந்த ஒரு நல்ல பிள்ளையை அம்மா எனக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, நான் கன்னியர் மடத்துக்குப் போறன்," என்றேன். அகப்பையைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கி, சிரித்துச் சிரித்து அழுதார். "ஆண்டவரே, நான் காட்டினது ஒரு பிள்ளை, நீர் எடுக்கிறது மற்றப் பிள்ளையோ," என்றார். அன்றைக்குக் குழம்பில் நடுத்துண்டு என் சோற்றுக் கோப்பையில் இருந்தது.

போன மாதம் விடுமுறையில் வீட்டுக்குப் போனேன். ஸ்திரிக்கைப்பெட்டி பழைய இரும்புக்காரனிடம் போய்விட்டது. கிணற்றைத் தூர்த்து, அந்த இடத்தில் கடலில் காற்றாடி பிடித்துச் சறுக்கி விளையாட வருகிற வெள்ளைக்காரர்களுக்கு அறை கட்டியிருக்கிறார்கள். "குட்டிச் சாமி" என்று யாரும் கூப்பிடுவதில்லை. அண்ணன் இப்போது கரையோர வள்ளங்களையெல்லாம் திருத்துகிற "இன்ஜின் பாஸ்". அந்தச் சட்டை என்னவாயிற்று என்று கேட்டேன். கருவிப்பெட்டியிலிருந்து ஒரு கந்தலை எடுத்துக் காட்டினான். கழுத்துப்பட்டி மட்டும் மிச்சம். காட்டிய கையோடு சந்தோஷத்தில் என்னைத் தோளோடு அணைத்தான், என் சிஸ்டர் உடுப்பின் வெள்ளையில் ஐந்து விரலும் கிறீஸாகப் பதிந்தன.

கத்தினேன். "ஏன் கத்துறாய்," என்றான், "எப்படியும் நீதானே தோய்க்கிறது."

ஓம், நான்தான் தோய்த்தேன். இந்த முறை என் வெள்ளையை.