இருபத்து நாலாயிரம் பிடித்தம்

நாரணாபுரத்தில் வேல்விழியைப் பற்றிக் கேட்டால், "வீட்டுக்குள்ளயே உக்காந்து சம்பாதிக்கிறவ" என்பார்கள். அதில் பாதி பாராட்டு, பாதி வயிற்றெரிச்சல். சிவகாசி அச்சகம் ஒன்றில் நான்கு வருடம் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் வடிவமைத்தவள், சேர்த்த காசில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டோடு வந்துவிட்டாள். பெங்களூர் கம்பெனி ஒன்று ஆன்லைனில் வேலை அனுப்பும். ஊதுபத்தி டப்பா, மிட்டாய்ப் பெட்டி என்று இவள் வரைந்து அனுப்புவாள். பணம் வங்கிக்கு வந்துவிடும். முதலாளி முகத்தை இவள் பார்த்ததில்லை, இவள் முகத்தை அவரும் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஜூன் மாதம் வருமான வரித் துறையிலிருந்து செல்போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. போன வருடம் அவள் பெயரில் பிடித்த வரி இருபத்து நாலாயிரம் ரூபாய் என்றது. ஒவ்வொரு பில்லிலும் பத்து சதவீதம் குறைவதை அவள் கம்பெனியின் கமிஷன் என்றே நினைத்திருந்தாள். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து கேட்டதும் இல்லை.

மெசேஜை அம்மா மாரித்தாய்க்குப் படித்துக் காட்டினாள். மாரித்தாய் இருபது வருடமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறவள்.

"பிடித்தம்னு போட்டிருக்கானா?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னும் பாக்கி எம்புட்டாம்?"

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆலையில் தீபாவளிக்கு முன்பணம் வாங்குவார்கள், பிறகு அதை வாராவாரம் கூலியில் பிடிப்பார்கள். பிடித்தம் இருந்தால் கடன் இருக்கிறது. கடனில்லாதவர் கூலியில் எதற்குப் பிடிக்கப் போகிறார்கள்? வேல்விழி கல்லூரியெல்லாம் படித்தவள்தான், ஆனாலும் அந்த வீட்டுப் பெண்தானே. இருபத்து நாலாயிரம் பிடித்தும் தீராத கடன் என்றால் மொத்தம் எவ்வளவு? ஒரு லட்சமா? வருடம் முழுக்க அவள் சம்பாதித்ததே இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.

"பேசாம பிரஸ்ஸுக்கே போயிரு தாயி. மாசச் சம்பளம், ஒரு வம்பு கெடையாது" என்றார் அப்பா முத்துக்கருப்பன்.

அச்சகத்துக்குத் திரும்பிப் போக அவளுக்கு மனமில்லை. சீசன் வந்தால் அங்கே சாப்பிடப் போவதற்கும் மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆனாலும் பயம் பெரிதாக இருந்தது. சம்பாதிக்கச் சம்பாதிக்கக் கடன் ஏறும் என்று பயந்து, புதிதாக வந்த ஆர்டருக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னாள். அடுத்ததற்கும் அதே பொய். மூன்றாவது ஆர்டர் வரவேயில்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு ரோஷம் வந்தது. சேமிப்பில் இருந்த முப்பத்தைந்தாயிரத்தை எடுத்துக்கொண்டு, ஆடிட்டர் ஒருவரைப் பார்க்கச் சிவகாசிக்குப் பஸ் ஏறினாள்.

ஆடிட்டர் ரோஷினி அவள் வயதுப் பெண்தான், பட்டாசுக் கம்பெனிக் குடும்பம். விவரம் கேட்பதற்கு முன்பே வேல்விழி பணத்தை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"மிச்சத்தைத் தவணையில கட்டிருதேன் மேடம்."

"எதோட மிச்சம்?"

"பாக்கிதான். பிடிச்சது போக."

ரோஷினி அவளுடைய பான் எண்ணை வாங்கிக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். வங்கிக் கணக்கையும் பார்த்தாள். வேறு வருமானம் உண்டா என்று கேட்டாள், இல்லை என்றாள் இவள்.

"இந்த வருமானத்துக்கு வரியே கெடையாதுங்க. உங்களுக்குப் பணம் குடுக்கையில கம்பெனி முன்கூட்டியே பிடிச்சு, உங்க பேர்ல கட்டியிருக்கு. அது சட்டம். நீங்க ரிட்டர்ன் போட்டா அம்புட்டும் திரும்ப வந்துரும்."

"திரும்பன்னா, எனக்கா?"

"பின்ன எனக்கா? மொதல்ல அந்தப் பணத்தை எடுத்துப் பையில வைங்க."

வேல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாயைப் பொத்திக்கொண்டு இரண்டையும் சமாளித்தாள். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. ரிட்டர்ன் போட்டு முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் முதல் வேலையாக, உடம்பு தேறிவிட்டது என்று செல்போனிலேயே பெங்களூர் கம்பெனிக்கு எழுதிப் போட்டாள். பஸ் வருவதற்குள் இரண்டு ஆர்டர் வந்தது.

ஆறாவது வாரம் இருபத்து நாலாயிரமும் கணக்கில் ஏறியது. மாரித்தாய் செல்போனை வாங்கி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, அந்த ஆடிட்டர் பொண்ணுட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. என் கூலியிலயும் இருவது வருசமாப் பிடிக்காக. அதைத் திரும்பக் கேக்க இப்படி ஒரு ஃபாரம் இருக்கா?"

வேல்விழி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு ஃபாரம் இல்லம்மா. ஆலையில உனக்குப் பாக்கி எம்புட்டு இருக்கு?"

"பதினெட்டாயிரம்."

மறுநாள் இருவரும் ஆலைக்குப் போய்க் கட்டிவிட்டு வந்தார்கள். அந்தச் சனிக்கிழமை மாரித்தாய் கூலிக் கவரோடு வீட்டுக்குள் நுழைந்தாள். செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டாள்.

"முழுசாக் குடுத்திருக்காகத்தா" என்றாள். "ஒத்த ரூவா பிடிக்கல."