பானட்டுக்குப் பின்னால் வந்த பதில்

ஒயர் வேலை பார்க்கிறவனுக்குப் பேய் பிசாசு கிடையாது. கரண்டும் கண்ணுக்குத் தெரியாததுதான், ஆனால் அது வர ஒரு வழி வேண்டும், போக ஒரு வழி வேண்டும், வழியில்லாமல் எதுவும் வராது என்று நம்பித்தான் நான் பிழைத்தேன். சாமியாடி முன்னால்கூடக் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தவன். இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். சிரியுங்கள், ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். அருப்புக்கோட்டையில் பாலவனத்தம் போகிற ரோட்டில் நானும் பாண்டியும் கூட்டாக ஒர்க் ஷாப் வைத்திருந்தோம். இஞ்சின் அவன், ஒயரிங் நான். ஒன்பது வருஷம் ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவர்கள். சொந்தம் கிடையாது, ஆனாலும் அவனுக்கு நான் மாப்ள, எனக்கு அவன் மாப்ள. அவன் மச்சினன் மதுரையில் ஒயரிங் வேலை பழகிவிட்டு வந்து வீட்டில் சும்மா உட்கார்ந்தான் பாருங்கள், அதற்குப் பிறகு பாண்டி என்னைச் சண்முகம் என்று பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். வயசாகிறதல்லவா, மரியாதை வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

எங்களுக்குச் சோறு போட்டது ஒரு பருத்தி முதலாளியின் வண்டிகள்தான், இரண்டு லாரி, ஒரு பழைய கார். அந்தக் கார் ஒரு ராத்திரி நின்றால் போதும், காலையில் பேட்டரி காலி. பேட்டரியை மாற்றினேன், டைனமோவைப் பிரித்துக் கட்டினேன், ஒன்றுக்கும் மசியவில்லை. மகள் வளைகாப்புக்குப் போகிற அன்றைக்கு முதலாளியே பட்டு வேட்டியோடு இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. நேராக எங்களிடம் வந்தார்.

"ஏப்பா சண்முகம், வேலை தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிரு. வார வெள்ளிக்குள்ள சரியாகலைன்னா இனிமே என் வண்டி எதுலயும் நீ கை வைக்கக் கூடாது."

நாலு பேர் முன்னால் சொன்னார். எங்கள் டவுனில் ஒயரிங்காரனுக்குப் பேர் கெட்டால் அதோடு சரி, சைக்கிளுக்கு டைனமோ மாட்டக்கூட எவனும் கூப்பிட மாட்டான்.

கரண்டு கசிகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பேட்டரி ஒயரைக் கழற்றி, அதற்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பைக் கோத்துவிட வேண்டும். வண்டியில் எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போதும் அந்த பல்பு எரிந்தால் எங்கோ கசிகிறது. பிறகு ஒருத்தன் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்து ஒயரை ஒவ்வொன்றாக உருவ வேண்டும், எதை உருவும்போது பல்பு அணைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. பானட் தூக்கியிருப்பதால் உள்ளே கிடப்பவனுக்கு பல்பு தெரியாது, வெளியே ஒருத்தன் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். பல்பை மாட்டுவது பாண்டி, பார்ப்பதும் பாண்டி. நாலு தடவை உள்ளேயிருந்து "எரியுதா?" என்று கேட்டேன், நாலு தடவையும் "எரியல" என்றான். எழுந்து போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை, அவன் கண் என் கண் மாதிரி.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் பாண்டி திருச்சுழிப் பக்கம் விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரியின் கிணற்றுக்கு பம்புசெட்டு பார்க்கப் போய்விட்டான். நான் தனியாள். உச்சி வெயில், கார் வெட்டவெளியில் நிற்கிறது. நானே பல்பை மாட்டினேன், அந்த வெளிச்சத்தில் எரிகிறதா இல்லையா ஒன்றும் தெரியவில்லை. எரியவில்லை என்றுதான் நாலு தடவை கேட்டாயிற்றே என்று கையால் மறைத்துக்கூடப் பார்க்காமல், ஒயர் எங்காவது தேய்ந்திருக்கிறதா என்று கண்ணால் தேட உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். பழக்கதோஷம், "எரியுதா?" என்று கத்தினேன்.

"எரியுது மாப்ள."

பாண்டியின் குரல். கொஞ்சம் எதிரொலித்தது, பானட்டுக்குள் குனிந்து பேசுகிறான் என்று எண்ணிக்கொண்டேன். நம்பினால் நம்புங்கள், அந்த நிமிஷம் எனக்கு வித்தியாசமாகவே படவில்லை. ஒரு ஒயரை உருவி "இப்ப?" என்றேன். "எரியுது." அடுத்ததை உருவினேன். "எரியுது மாப்ள." மூன்றாவதை உருவினேன். "அணைஞ்சிருச்சு."

அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் அவன் காலையிலேயே பஸ் ஏறிப்போனது ஞாபகம் வந்தது. வெளியே வந்தேன், ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஒயரைத் திரும்பச் செருகி, பல்பை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தேன். மங்கலாகச் சிவந்திருந்தது. உருவினேன், அணைந்தது.

அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பின் சீட்டுக்கு அடியில், வெளிச்சம் தெரியாதபடி தாரில் முக்கியெடுத்த ஒரு பல்பு, துணி சுற்றி ஒளித்து வைத்திருந்தது, ராத்திரி பகலாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டு. நீலக்கட்டம் போட்ட கைலித் துணி. கிழித்தது போக மிச்சம் எங்கள் ஒர்க் ஷாப் ஆணியில் தொங்கியது, பாண்டி வேலைக்குக் கட்டுகிற கைலி. குரல் கேட்டபோது வராத நடுக்கம் அந்தத் துணியைப் பார்த்ததும் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சீட்டுக்கு அடியில் தலையை விட்டபடியே அழுதேன்.

சாயங்கால பஸ்ஸில் பாண்டி இறங்கினான், கூடவே பம்புக்கு வாஷர் வாங்க அந்தச் சம்சாரியும். நான் பல்பைத் துணியோடு நீட்டினேன். பாண்டி தரையைப் பார்த்தான்.

"மச்சினனுக்கு ஒரு எடம் வேணும்னு வீட்ல தெனமும் சண்டை. ஒன்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல. மன்னிச்சிரு சண்முகம்."

கேட்டிருந்தால் நானே விலகியிருப்பேன். என் வேலை சரியில்லை என்று ஊரைச் சொல்ல வைத்து அனுப்பப் பார்த்தானே படுபாவி, அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

"யாரு சொன்னா?" என்றான்.

"நீதான்டா சொன்ன, மத்தியானம்."

"நான் கெணத்துக்குள்ளல்ல இருந்தேன்."

சம்சாரி குறுக்கே வந்தார். "ஆமாய்யா, உச்சிப்பொழுது பூரா கெணத்துக்குள்ளதான் நின்னாரு. நின்னபடிக்கே எரியுது, எரியுதுன்னு தன்னால பேசுறாரு. யாருகிட்டய்யா பேசுறீகன்னு மேல இருந்து கேட்டேன், அண்ணாந்துகூடப் பாக்கல."

பாண்டிக்கு உதடு வெளுத்துவிட்டது. "நான் வாயவே தொறக்கலையே" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை காரை முதலாளியிடம் விட்டேன். ஒரு ஒயர் கசிந்தது என்று மட்டும் சொன்னேன், பாண்டி பேரை எடுக்கவில்லை. அந்த மாதமே தனியாகக் கடை போட்டுவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ வண்டிக்கு பல்பு கோத்துப் பார்த்திருக்கிறேன், நூறு தடவை குனிந்து நிமிர்ந்தாலும் நானே எழுந்து போய்த்தான் பார்ப்பேன். "எரியுதா?" என்று வாய்விட்டுக் கேட்டதில்லை.

பயமா என்று கேட்பீர்கள். பயமில்லை, வேறு ஒன்று. ஒரு வருஷமாக அவன் வாயில் வராத சொல்லை அந்தக் குரல் சொன்னது, மாப்ள என்று. பஸ்ஸில் இறங்கி என் எதிரில் நின்றவன் மன்னிப்புக் கேட்டபோதுகூட சண்முகம் என்றுதான் கேட்டான்.